நீலமாக மாறினால் நல்ல காயா?

ஒரு சொட்டு காய்கறிச் சாறு, சோதனைக் குழாயில் கொஞ்சம் சிவப்புத் திரவம், பத்து நிமிடம். நிறம் மாறியதா இல்லையா என்று பார்த்துவிட்டு, "இதில் மருந்து இருக்கிறது" என்று அறிவித்துவிடுகிறார்கள். தங்க நானோ துகள் வைத்துப் பூச்சிக்கொல்லி எச்சம் கண்டுபிடிப்பது பற்றிய செய்திகள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த நிறம் எதனால் மாறியது என்ற கேள்வியை யாரும் தொடுவதில்லை. குழாயில் உள்ள தங்கத்துக்குப் பூச்சிக்கொல்லி என்றால் என்னவென்றே தெரியாது. தன் மேற்பரப்பில் ஏதோ ஒட்டியது, பக்கத்துத் துகள் நெருங்கி வந்தது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒட்டியது எது என்பதை நாம்தான் வேறு குழாய்களை வைத்து நிரூபிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த வேறு குழாய்களைப் பற்றியதுதான்.

முதலில் நிறம். தங்கத்தைப் பதின்மூன்று நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். துகளின் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவதால் 520 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள பச்சை ஒளி உறிஞ்சப்படுகிறது, மிச்சம்தான் சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டால் இந்த உறிஞ்சல் 600க்கு மேல் நகர்ந்துவிடும். திரவம் முதலில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வரும், அப்புறம் நீலம். கூழ்மத்தின், அதாவது துகள் மிதக்கும் இந்தத் திரவத்தின், செறிவு மாறவே வேண்டாம், துகள்களுக்கு இடையேயான தூரம் குறைந்தால் போதும். துகள்களைப் பிரித்து வைத்திருப்பது காய்ச்சும்போது சேர்த்து, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம். அதை யார் குலைத்தாலும் நீலம்தான்.

கூழ்மம் காய்ச்சுவது

1951ல் துர்கேவிச் எழுதிய முறையைத்தான் இன்றும் எல்லோரும் கொஞ்சம் மாற்றிச் செய்கிறார்கள். பார்க்கச் சுலபம். கெட்டுப் போவது பெரும்பாலும் பாத்திரத்தால்.

குடுவை, காந்தக் கலக்கி முள், ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் கண்டென்சர் எல்லாவற்றையும் இராஜ திராவகத்தால் கழுவ வேண்டும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், தேவையான அளவு மட்டும், புகைக்கூண்டுக்குள் வைத்துக் கலக்க வேண்டும். இதைப் பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். அசிட்டோன் விட்டு அலசிய குடுவையில் இதை ஊற்றினாலும் அதே கதிதான். கழுவிய பின் தூய நீரால் ஏழெட்டு முறை அலச வேண்டும். பழைய தங்கத்தின் ஒரு பொட்டு சுவரில் ஒட்டியிருந்தாலும் புதுத் துகள்கள் அதன் மேல் கண்டபடி வளரும்.

தங்கத்தைத் தரும் குளோரோஆரிக் அமில உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஒரு முறை காய்ச்சத் தேவையான 39 மில்லிகிராமைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே எடை ஏறிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு கிராம் குப்பியை வாங்கினால் உடைத்த கையோடு முழுவதையும் 50.8 மி.லி. நீரில் கரைத்து 50 மில்லிமோலார் கரைசலாக்கி, இருட்டில், குளிரில் வைத்துவிடுவது நல்லது. 25 முறை காய்ச்ச அது போதும். உலோகக் கரண்டியால் இந்த உப்பைத் தொடவே கூடாது. கரண்டி அரிக்கும், தங்கம் அதன் மேலேயே படிந்துவிடும்.

98 மி.லி. தூய நீரில் இந்தக் கரைசல் 2 மி.லி. விட்டால் 1 மில்லிமோலார். கண்டென்சர் பொருத்தி, வேகமாகக் கலக்கிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விட வேண்டும். இன்னொரு குவளையில் 114 மில்லிகிராம் டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட்டை 10 மி.லி. நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கிற குடுவையில் அந்தப் பத்து மி.லி.யையும் ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் துகள்கள் ஒவ்வொரு நேரத்தில் பிறந்து ஒவ்வொரு அளவில் நிற்கும். வெளிர்மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகும். அடுத்து மை கலந்தது போலக் கருக்கும். இந்த இடத்தில்தான் கெட்டுவிட்டதென்று பயந்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். சில நிமிடம் பொறுத்தால் ஊதா வந்து, சிவப்பில் நிலைக்கும். அதற்கு மேல் பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, கலக்குவதை நிறுத்தாமல் ஆறவிட வேண்டும்.

வந்தது 13 நானோமீட்டர்தானா? எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாவிட்டாலும் ஓரளவு சொல்லலாம். கூழ்மத்தை ஐந்து மடங்கு நீர்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் உறிஞ்சலின் உச்சி 518க்கும் 522க்கும் நடுவில், ஒடுக்கமாக, 650 பக்கம் கிட்டத்தட்ட தரையோடு தரையாக இருக்க வேண்டும். செறிவை இரண்டு வழியில் கணக்கிட்டு ஒப்பிடலாம். 13 நானோமீட்டர் கோளம் ஒன்றில் சுமார் 68 ஆயிரம் தங்க அணு இருக்கும். 110 மி.லி.யில் தங்கத்தின் செறிவு 0.91 மில்லிமோலார், வகுத்தால் துகள் செறிவு 13 நானோமோலார். இன்னொரு வழி, 520ல் உள்ள உறிஞ்சலை 2.7 × 10⁸ என்ற மோலார் குணகத்தால் வகுத்து, நீர்த்ததற்காக ஐந்தால் பெருக்குவது. இரண்டும் நெருங்கி வந்தால் நம்பலாம். ஒன்று 13 என்றும் மற்றது 6 என்றும் வந்தால், பாதித் தங்கம் குடுவைச் சுவரில் இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சிய கூழ்மத்தை ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டுவிட்டால் அதோடு முடிந்தது. உருகிய பிறகு கறுப்பு வண்டல்தான் மிஞ்சும்.

நொதி வழி

தங்கத்துக்குப் பூச்சிக்கொல்லியை அடையாளம் தெரியாததால், தெரிந்த ஒன்றை நடுவில் வைக்கிறோம்: அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரண்டு வகை மருந்துகளும் பூச்சியைக் கொல்வது இந்த நொதியை முடக்கித்தான். நொதிக்கு அசிட்டைல்தயோகோலினைத் தீனியாகக் கொடுத்தால் அதை வெட்டித் தயோகோலின் ஆக்கும். தயோகோலினின் ஒரு முனையில் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் கந்தகம், மறுமுனையில் நேர்மின்னூட்டம். துகளின் மேல் உட்கார்ந்ததும் சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம் செல்லாக்காசாகி, துகள்கள் திரண்டு, நீலம். மருந்து இருந்தால் நொதி செயலிழக்கும், தயோகோலின் உருவாகாது, சிவப்பு அப்படியே நிற்கும்.

அதாவது நீலம் நல்ல காய், சிவப்பு நஞ்சு. ஆபத்துக்குச் சிவப்பு என்று ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்தான். ஆனால் இதன் விளைவு சுலபமில்லை. நொதி என்ன காரணத்தால் வேலை செய்யாவிட்டாலும் "நஞ்சு" என்று வரும். தங்கம் என்ன காரணத்தால் திரண்டாலும் "சுத்தம்" என்று வரும்.

தொடக்கத்துக்கு இந்த அளவுகளை வைத்துக்கொள்ளலாம். காய்கறிச் சாறு 100 மைக்ரோலிட்டர், மி.லி.க்கு 20 மில்லியூனிட் செறிவுள்ள நொதி 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் அரை மணி நேரம். அதன்பின் 2 மில்லிமோலார் அசிட்டைல்தயோகோலின் 50 மைக்ரோலிட்டர், சரியாகப் பத்து நிமிடம். இதிலிருந்து 50 மைக்ரோலிட்டரை எடுத்து, 3 நானோமோலாருக்கு நீர்த்த 450 மைக்ரோலிட்டர் கூழ்மத்தில் விட்டு, ஐந்தாவது நிமிடத்தில் 650, 520 இரண்டு இடத்திலும் உறிஞ்சலை அளந்து விகிதம் எடுக்க வேண்டும். நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிடிப்பது முக்கியம். மணிக்கணக்கில் விட்டால் திரண்டது அடியில் படிந்து, இரண்டு உறிஞ்சலும் விழுந்து, விகிதத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இந்த அளவுகளின் பின்னால் உள்ள கணக்குதான் முக்கியம். ஒரு யூனிட் நொதி நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் தீனியை வெட்டும். குழாயில் இருப்பது 2 மில்லியூனிட்; பத்து நிமிடத்தில் 20 நானோமோல் தயோகோலின். 250 மைக்ரோலிட்டரில் அது 80 மைக்ரோமோலார், கூழ்மத்தில் விட்டதும் 8. பதின்மூன்று நானோமீட்டர் துகள்களைத் திரட்ட இந்த அளவு ஒட்டி ஒட்டிப் போதும். போதும் என்பதைவிட அதிகமாக வைக்கக் கூடாது. நீலம் நன்றாக வரட்டும் என்று நொதியைப் பத்து மடங்காக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதத்தை மருந்து முடக்கினாலும், மிச்சமிருக்கும் நொதி முன்பு நாம் வைத்த முழு அளவைப் போல இரண்டு மடங்கு. குழாய் பளிச்சென்று நீலமாகும், காய் தேறிவிடும். பளிச்சென்ற நிறம் வரும் சோதனை நல்ல சோதனை என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மருந்தே இல்லாத கட்டுப்பாட்டுக் குழாய் முழு நீலத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நொதியைக் குறைத்து வைப்பதுதான் சரி.

இனி கெடும் இடங்கள்.

அசிட்டைல்தயோகோலின் கடையில் அயோடைடு உப்பாகத்தான் சுலபமாகக் கிடைக்கும். அயோடைடு தங்கத்தை வலுவாகப் பிடித்து சிட்ரேட்டைத் தள்ளிவிடும். குளோரைடு உப்பை வாங்குவது நல்லது. அமில-கார நிலை மாறாமல் வைத்திருக்கும் பாஸ்பேட் பஃபர் கரைசலை வழக்கம்போல 100 மில்லிமோலாரில் வைத்தால் அந்த உப்பே கூழ்மத்தைத் திரட்டிவிடும். 10 போதும், கூழ்மத்தில் அது 1 ஆகிவிடும். நொதித் தூளைச் சிலர் மாட்டு அல்புமின் சேர்த்து விற்கிறார்கள், நொதி நாளாகக் கெடாமல் இருக்க. அந்தப் புரதம் துகளைப் போர்வை போல மூடிக்கொள்ளும். அப்புறம் தயோகோலின் எவ்வளவு வந்தாலும் சிவப்பு நகராது. எல்லாக் காயும் நஞ்சாகத் தெரிய இது ஒன்றே போதும்.

வேதியியலில் இன்னும் பெரிய ஓட்டை இருக்கிறது. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவற்றில் பாஸ்பரசோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது கந்தகம். அந்த வடிவத்தில் அவை நொதியை லேசாகத்தான் தொடும். பூச்சியின் உடலுக்குள் போய்க் கந்தகம் ஆக்சிஜனாக மாறிய பிறகுதான் அவற்றுக்கு முழு வீரியம். சோதனைக் குழாயில் அந்த உடல் கிடையாது. எனவே டைகுளோர்வாஸ், மோனோகுரோட்டோபாஸ், கார்போபியூரான் ஆகியவற்றை நன்றாகப் பிடிக்கும் ஒரு கிட், குளோர்பைரிபாஸ் தெளித்த காயைத் தேற விட்டுவிடலாம். புரோமின் நீரோ என்-புரோமோசக்சினிமைடோ சேர்த்து முன்கூட்டியே ஆக்சிஜனேற்றம் செய்வது இதற்குத் தீர்வு. அதில் மிஞ்சியதை முழுதாக நீக்கவில்லையென்றால் அதுவே நொதியைக் கொன்று, இல்லாத மருந்தைக் காட்டும். சைபர்மெத்ரின் மாதிரியான பைரித்ராய்டுகளும் இமிடாகுளோபிரிட்டும் இந்த நொதியின் பக்கமே போவதில்லை; அவற்றை இந்த முறை ஒருநாளும் பார்க்காது. "எல்லாப் பூச்சிக்கொல்லியையும் கண்டுபிடிக்கும்" என்று ஒரு நொதிக் கிட் சொன்னால் அதை வாங்க வேண்டாம்.

வெங்காயம், பூண்டு வேறு விதத்தில் ஏமாற்றும். அவற்றின் கந்தகச் சேர்மங்கள் நேராகத் தங்கத்தில் ஒட்டும். நொதி செத்திருந்தாலும் குழாய் நீலமாகலாம். கறிவேப்பிலை, கீரை, கொத்தமல்லியில் பச்சையம். அதன் சிவப்பு உறிஞ்சல் 660 சொச்சத்தில் இருப்பதால் நாம் அளக்கும் 650ஐ உயர்த்திக் காட்டும். தங்கம் திரளவே இல்லை, கருவி மட்டும் "நீலம்" என்கிறது. தமிழ்நாட்டுக் கறிவேப்பிலையில் மருந்து என்று கேரளத்தில் அடிக்கடி பேச்சு கிளம்புகிறது. அந்தக் கறிவேப்பிலைதான் இந்த முறைக்கு மிகக் கஷ்டமான மாதிரி என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, தயோகோலினை அளக்க எல்மன் 1961லேயே மஞ்சள் நிற வினைப்பொருள் கொடுத்துவிட்டாரே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். சீனாவின் காய்கறிச் சந்தைச் சோதனைத் தரம் இன்றும் அந்த மஞ்சளை 412 நானோமீட்டரில் அளந்து, ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ முடக்கம் இருந்தால் மாதிரியைப் பிடித்து வைக்கிறது. ஸ்பெக்ட்ரோமீட்டர் கையில் உள்ள லேபுக்கு அதுவே மலிவு, உறுதியும்கூட. கருவியில்லாமல் கண்ணாலோ போன் கேமராவாலோ பார்க்க வேண்டிய இடத்தில்தான் தங்கத்துக்கு மதிப்பு.

0.01 என்ற எண்

ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு நிர்ணயிக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பொது வரம்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியிலும் பொதுவாக இதே எண்தான். இதைச் சோதனைக் குழாய் வரை கொண்டுவந்து பார்ப்போம்.

வெட்டி அரைத்த காய் 10 கிராம். 2003ல் வந்த குவெச்சர்ஸ் முறைப்படி அதில் 10 மி.லி. அசிட்டோநைட்ரைல், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் சோடியம் குளோரைடு போட்டுக் குலுக்கிச் சுழற்றினால், மேலே பிரியும் அசிட்டோநைட்ரைலில் மருந்து இறங்கியிருக்கும். வரம்பில் நிற்கும் காயென்றால் அதில் மி.லி.க்கு 10 நானோகிராம். குளோர்பைரிபாஸுக்கு 28 நானோமோலார் சொச்சம். அசிட்டோநைட்ரைலை அப்படியே விட்டால் நொதியை அதுவே முடக்கும். நைட்ரஜன் ஊதி ஆவியாக்கி, பஃபரில் திரும்பக் கரைக்க வேண்டும். அதில் 100 மைக்ரோலிட்டரை எடுத்து 250 ஆக்கினால் செறிவு இன்னும் இரண்டரை மடங்கு குறையும். மி.லி.க்கு 4 நானோகிராம். ஆய்வுக் கட்டுரையில் "தண்ணீரில் மி.லி.க்கு 50 நானோகிராம் வரை பிடிக்கிறது" என்று போட்டிருந்தால், இந்தக் காய்க்கு அது உதவாது.

5 மி.லி. சாற்றை ஊதி அரை மி.லி. ஆக்கிப் பத்து மடங்கு செறிவாக்கலாம். பச்சையமும் சர்க்கரையும் அமிலமும் கூடவே பத்து மடங்காகும். சர்க்கரையையும் அமிலத்தையும் எடுக்க பிஎஸ்ஏ என்ற உறிஞ்சும் தூள் மி.லி.க்கு 25 மில்லிகிராம் போடுவார்கள், பச்சையத்துக்குக் கரித்தூள். கரித்தூள் தட்டையான மூலக்கூறுள்ள மருந்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும், தையாபெண்டசோல் போல. எதை விடுவது எதை வைப்பது என்பது காய்க்குக் காய் மாறும்.

நொதி இல்லாத வழிகள்

தங்கத்தோடு நேராக ஒட்டும் மருந்துகளும் உண்டு. சென்னை ஐஐடியில் டி. பிரதீப்பின் குழு 2003ல் எண்டோசல்பானைத் தங்கத் துகளின் நிற மாற்றத்தால் கண்டறிவது பற்றி எழுதியது. தங்கம், வெள்ளி போன்ற உன்னத உலோகத் துகளால் தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் அவர்களுடைய வேலை பின்னர் வீட்டுக் குடிநீர் வடிகட்டி வரை வந்தது. எதையும் ஒட்டவைத்து வைத்துக்கொள்ளும் இந்தக் குணம் நீக்குவதற்கு வரம். கண்டறிவதற்குப் பாதி வரம்தான்.

ஆப்டமர் முறையிலும் இதே சிக்கல். குறிப்பிட்ட மருந்தைப் பிடிக்கும் ஒற்றை இழை டிஎன்ஏ தங்கத்தின் மேல் படிந்து உப்பிலிருந்து காக்கும். மருந்து வந்தால் டிஎன்ஏ அதனோடு போய்விடும். உப்பு போட்டதும் நீலம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மருந்து நேராகத் தங்கத்தில் ஒட்டி டிஎன்ஏவைத் தள்ளினாலும் அதே நீலம்தான் வரும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜூவென் லியூ குழு இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது. வரிசை மாற்றி எழுதிய டிஎன்ஏவைப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: அதிலும் நீலம் வந்தால் ஆப்டமர் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிப் பட்டை, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியே இருக்கும். மருந்து இருந்தால் கோடு மங்கும் என்பது மட்டும் தலைகீழ். சந்தையில் நிற்பவருக்கு இன்று கொடுக்கத் தகுந்தது இதுதான். ஒரு பட்டைக்கு ஒரு மருந்து என்பதுதான் குறை.

எது ஒட்டியது என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்வது மேற்பரப்பு மேம்பட்ட ராமன் முறை. தங்கம் அல்லது வெள்ளித் துகள்களின் இடுக்கில் சிக்கிய மூலக்கூறின் ராமன் சிதறல் பல லட்சம் மடங்கு பெருகும். வருவது நிறமல்ல, மூலக்கூறின் கைரேகை. ஷியாமென் பல்கலைக்கழகத்தின் தியான் ஜோங்சுன் குழு 2010ல், மெல்லிய சிலிக்கா ஓடு போட்ட தங்கத் துகளை ஆரஞ்சுத் தோல் மேல் தூவி, அதிலிருந்த பாரத்தியானைத் தோலிலேயே படித்துக் காட்டியது. தைரம் இதற்கு உகந்த மருந்து. அதன் கந்தகப் பாலம் உலோகத்தின் மேல் உடைந்து இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும், 1380 பக்கத்தில் கோபுரம் போல ஓர் உச்சி எழும். அதனால்தான் இத்துறையில் கட்டுரைக்குக் கட்டுரை தைரம். தங்கத்தில் ஒட்டாத சைபர்மெத்ரினில் அதே சாதனையைக் காட்டினால்தான் கருவியின் தரம் தெரியும். இடுக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல அமையாது என்பதால், ஓர் இடத்தில் படித்த எண்ணை நம்பாமல் பதினைந்து இருபது இடமாவது படித்துச் சராசரி எடுக்க வேண்டும். தோலின் மேல் உள்ளதைத்தான் இது பார்க்கும். செடிக்குள் ஊடுருவிய மருந்துக்குக் காயை அரைத்தே ஆக வேண்டும்.

வேறு குழாய்கள்

நொதி வழிக்கே திரும்புவோம். கறிவேப்பிலையைச் சோதிக்கிறோம் என்றால் ரேக்கில் குறைந்தது ஆறு குழாய் நிற்க வேண்டும். கூழ்மமும் பஃபரும் மட்டும்: சிவப்பு. அதோடு நொதியில்லாத தீனி: அதுவும் சிவப்பு; நீலம் வந்தால் தீனி பழசு, தானாகவே உடைந்திருக்கிறது. நொதியும் தீனியும்: நீலம். மருந்தில்லாமல் வளர்த்த கறிவேப்பிலைச் சாறும் கூழ்மமும் மட்டும், நொதியே இல்லாமல்: சிவப்பு நிற்க வேண்டும். அதே சாறு நொதியோடும் தீனியோடும்: நீலம் வர வேண்டும். அதே இலையை அரைக்கும்போதே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில் மருந்தைச் சேர்த்து, பிரித்தெடுப்பு முழுவதையும் கடந்து வந்த சாறு: சிவப்பு.

பெரும்பாலும் காலை வாருவது நான்காவதும் ஆறாவதும். நான்காவது நீலமானால் இலையே தங்கத்தைத் திரட்டுகிறது, சுத்திகரிப்பு போதவில்லை. ஆறாவது நீலமானால் சேர்த்த மருந்து வழியில் எங்கோ தொலைந்தது, அல்லது நொதி அளவுக்கு மீறி இருக்கிறது. சேர்த்ததில் 70 முதல் 120 சதவீதம் திரும்ப வர வேண்டும் என்பது எச்சச் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஆறும் சரியாக நின்ற பிறகு ஏழாவதாக வைப்பதுதான் சந்தையிலிருந்து வந்த கறிவேப்பிலை. அது சிவப்பாக நின்றால் மருந்தின் பெயர் இன்னும் தெரியாது. சாற்றின் மீதியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள கூடத்துக்கு அனுப்ப, குறைந்தது 2 மி.லி. ஃப்ரீசரில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

போன் கேமராவில் பார்ப்பதானால் ஏழு குழாயும் ஒரே படத்தில், வெள்ளைப் பெட்டிக்குள், ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிட்டு. தனித்தனியாக எடுத்தால் போன் ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டத்துக்கு நிறம் திருத்தும்.

கூழ்மம் குளிரில், இருட்டில் மாதக்கணக்கில் நிற்கும். 1850களில் ஃபாரடே செய்த தங்கக் கூழ்மம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. நொதி அப்படியில்லை. 20 மில்லியூனிட்டுக்கு நீர்த்த பிறகு ஐஸில் வைத்திருந்தாலும் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். காலையில் நீர்த்ததை மாலைக்குள் கொட்டிவிட வேண்டும். மூன்றாவது குழாயை மதியம் ஒருமுறை திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்.